உள்ளே ஒருத்தர் மயக்கமா இருக்காங்க

நம் நாட்டுத் தலைவரைப் பற்றி எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டார்கள். டாக்டராக இருந்தவர், ஏழை எளியவர்களுக்குத் தன் கையாலேயே ஊசி போட்டவர், பதவிக்கு வந்த பிறகும் வந்த வழியை மறக்காதவர் என்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில்கூட வந்தாயிற்று. அதில் ஒரு சின்னத் திருத்தம். ஊசி போட்டது அவர் இல்லை, என் சித்தி. அவர் போட்டால் பிள்ளைகள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி அலறும். "டாக்டருக்குக் கை கொஞ்சம் கனம்" என்று சித்தியே சொல்வாள். வேறு யாராவது அதைச் சொன்னால் மட்டும் சண்டைக்குப் போவாள்.

மறக்காதவர் என்கிறார்களே, அதைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சித்தியைப் பற்றி. அவரை இழுக்காமல் அவளைப் பற்றி நாலு வரி எழுத முடியவில்லை என்பதுதான் எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நர்ஸ் படிப்பை முடித்த கையோடு டாக்டரின் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கிளினிக் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியே நோயாளிகள் உட்கார ஒரு நீளமான பெஞ்சு. முன் அறையில் டாக்டருடைய மேஜை, திரைக்குப் பின்னால் ஒரு கட்டில், எல்லோரையும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிற எடை மெஷின். டாக்டர் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. மாத்திரை அட்டைப்பெட்டியை மடித்து அதன் கீழே சொருகி வைத்திருப்பார்கள். பின் அறை சித்தியின் ராஜ்ஜியம். ஊசிகளைக் கொதிக்க வைக்கிற பாத்திரம், பஞ்சு, கட்டுத் துணி, ஒரு ஸ்டூல், ஒரு சின்ன பெஞ்சு, சைக்கிள் ரிப்பேர் கடையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். அந்த அறையில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். சித்தி வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவள் கையில் அந்த வாசனை இருக்கும்.

டாக்டர் நெட்டையான மனிதர். இடது கைச் சட்டையை மட்டும் சுருட்டி விட்டிருப்பார், வலது கையை மறந்துவிடுவார். ஸ்டெதஸ்கோப்பை நோயாளியின் மேல் வைப்பதற்கு முன் அதன் வட்டத்தை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். "ஜில்லுனு வச்சா நெஞ்சு பொய் சொல்லும்" என்பார். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அதைச் செய்யாமல் விட்டதில்லையாம். இந்த விஷயத்தைப் பாடப் புத்தகத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை.

அவருக்கு ஒரே ஒரு குறை. யாரையும் 'போதும்' என்று சொல்லி நிறுத்தத் தெரியாது. எதிரில் ஒருவர் பேச ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். வெளியே பெஞ்சில் காய்ச்சலும் இருமலுமாக ஒரு கூட்டம் காத்துக்கொண்டிருக்கும், உள்ளே இவர் யாருடைய மருமகனுக்கு வேலை போன கதையையோ கேட்டுக்கொண்டிருப்பார். இதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மரக்கடைக்காரர். கடைவீதியில் பெரிய மரக்கடை வைத்திருந்தார், நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. வயிறு வலிக்கிறது என்று வருவார். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டதுதான் தாமதம், பதினாறு வயதில் வந்த முதல் நெஞ்செரிச்சலிலிருந்து ஆரம்பிப்பார். அன்று என்ன மழை, கடையில் என்ன மரம் வந்து இறங்கியது, அவர் அப்பா என்ன சொல்லித் திட்டினார் என்று எல்லாவற்றையும் தாண்டித்தான் இன்றைய வயிற்றுக்கு வந்து சேர முடியும்.

இதற்காகத்தான் அந்த ஏற்பாடு வந்தது. யார் யோசனை என்று கேட்டால் சித்தி, டாக்டருடையது என்பாள்; டாக்டர், சிஸ்டருடையது என்பாராம். டாக்டரால் தாங்க முடியாமல் போகும்போது கையில் இருக்கிற பேனாவால் மேஜையில் இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். உடனே சித்தி பின் அறையிலிருந்து வந்து நின்று, "டாக்டர், உள்ளே ஒருத்தர் மயக்கமா இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். "அடடா, இதோ வந்துட்டேன்" என்று டாக்டர் எழுந்து பின் அறைக்கு ஓடுவார். அங்கே மயக்கமாகவும் யாரும் இருக்க மாட்டார்கள், தெளிவாகவும் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்டூல் மேல் ஒரு டம்ளர் டீ மட்டும் இருக்கும். ஜன்னல் பக்கம் நின்று அதைக் குடிப்பார். சித்தி பஞ்சு சுருட்டிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். குடித்து முடித்து அவர் திரும்பி வரும்போது, கதை சொன்னவர் குற்ற உணர்ச்சியோடு எழுந்து போயிருப்பார்.

மரக்கடைக்காரர் ஒருவர்தான் போகாதவர். ஒருநாள் அவர், மயக்கமானவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டு, பிஸ்கட் பாக்கெட்டும் கையுமாகப் பின் அறைக்கே வந்துவிட்டார். டாக்டர் வாயில் டீ. சித்தி என்ன செய்வாள்? பொத்தென்று பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஐயையோ, ஊசி அக்காவுக்கே மயக்கமா!" என்று அவர் போட்ட கூச்சலில் கடைவீதியே திரண்டுவிட்டது. ஊரில் சித்தியின் பெயர் ஊசி அக்காதான். என் அம்மா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். அங்கே போய்ப் பார்த்தால் டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "இப்படியும் ஒரு வேலையா?" என்று அம்மா அன்றைக்கு முழுக்கத் திட்டினாள். சித்தி திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டாக்டருக்கு மனைவி உண்டு. வேறு ஊரில் கல்லூரி ஆசிரியை, விடுமுறைக்கு வருவார், சித்தியிடம் பிரியமாகவே இருப்பார். ஆனாலும் பேச்சு வந்தது. சித்தியைப் பெண் கேட்டு வந்த ஒரு பாங்கு குமாஸ்தாவை, "சாயங்காலம் கிளினிக் இருக்கு, பேச நேரமில்லை" என்று அவள் அனுப்பிவிட்ட பிறகு அந்தப் பேச்சு இன்னும் கூடியது. எனக்கு விவரம் தெரிந்த வயதில் நான் நேராகவே கேட்டேன்.

"சித்தி, உனக்கு உங்க டாக்டர் மேல ஆசை இருந்துச்சா?"

அவள் கோபப்படவில்லை. "அவர் கூப்பிட்டார், நான் போனேன், அவருக்கு நல்லா இருந்துச்சு. எனக்கும்தான். இதுக்கு என்ன பேர் வேணும்னாலும் வச்சுக்கோடி."

நான் பேர் எதுவும் வைக்கவில்லை. வைத்தவர்களைப் பார்த்தால் அறைய வேண்டும் போல இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. கடைவீதிக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒவ்வொரு வீடாக வாந்தியும் பேதியும். கிளினிக் பெஞ்சு போதாமல் நடைபாதையில் படுக்க வைத்தார்கள். சித்தி வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள், மாற்றுத் துணியை அம்மா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் என்று டாக்டர் கண்டுபிடித்தார். நகரசபைக்கு நடையாய் நடந்தார். தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், முன் அறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. டொக், டொக். சித்தி போய்ப் பார்த்தாள். எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. டாக்டர் மட்டும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சற்று முன்புதான் ஒரு குழந்தையை அதன் அப்பா முகத்தையும் மூடித் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருந்தார். ஏமாற்றுவதற்கு அறையில் ஆளே இல்லை. இருந்தாலும் சித்தி வாசலில் நின்று, "டாக்டர், உள்ளே ஒருத்தர் மயக்கமா இருக்காங்க" என்று சொன்னாள். அவர் எழுந்து வந்தார். பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துவைத்து வைத்திருந்த துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். சித்தி ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்ததும் டீயைக் குடித்துவிட்டுப் போனார். இதை அவள் எனக்குச் சொன்னது ரொம்பக் காலம் கழித்து.

மறுநாள் டாக்டர் தன் மேஜையைத் தூக்கச் சொன்னார். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நகரசபையின் வாசற்படிக்கு மேலே, வராந்தாவில் போட்டார்கள். பின்னாலேயே நோயாளிகள். அறிவிப்புப் பலகையின் ஆணிகளில் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. உள்ளே போக வேண்டிய அதிகாரிகள் எல்லாம் படுத்திருக்கிறவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. "ஏன் சார் இங்க?" என்று கேட்டவர்களிடம், "என் கிளினிக்ல இடம் இல்லை, உங்ககிட்ட நிறைய இருக்கு" என்றாராம். யாரையும் போதும் என்று சொல்லத் தெரியாத மனிதர் அன்றைக்குச் சொன்னார், ஊருக்கே கேட்கிற மாதிரி. அந்த வாரமே பழைய குழாயைத் தோண்டி எடுத்தார்கள்.

மேஜை திரும்பி வந்தது. டாக்டர் திரும்பி வரவில்லை. வந்தார், ஆனால் பழைய மாதிரி வரவில்லை என்று சொல்ல வேண்டும். தேர்தலில் நில்லுங்கள் என்று ஊரே பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. மரக்கடைக்காரர் ஒருவரே ஒரு ஊர்வலத்துக்குச் சமம். டாக்டர் நின்றார், ஜெயித்தார். தலைநகருக்குப் புறப்பட்ட அன்று காலை கிளினிக்குக்கு வந்து, கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஒரே ஒரு தடவைதான், சிஸ்டர். எல்லா ஊர்க் குழாயையும் மாத்திட்டு வந்துடறேன். மேஜையை அப்படியே வையுங்க."

சாவியை அவள் கையில் கொடுத்தார். சித்தி அப்படியே வைத்தாள்.

குழாய்களை மாற்றினாரா என்றால், நிறைய மாற்றினார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு தடவை இரண்டானது. பிறகு சுகாதார மந்திரி. பிறகு கட்சிக்குள் என்னென்னவோ சண்டை, யாரை நிறுத்தினாலும் இன்னொருவருக்குப் பிடிக்கவில்லை, எல்லோரும் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கிற ஒரே ஆள் இவர்தான் என்று இவரைப் பிடித்து நாட்டுக்கே தலைவராக உட்கார வைத்துவிட்டார்கள். ஊர் வெடிச் சத்தமும் இனிப்புமாகத் தலைகால் புரியாமல் ஆடியது. சித்தி மட்டும் கிளினிக்கைத் திறந்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே எப்பத்தான் வருவாரோ" என்று அம்மாவிடம் சொன்னாள். நாடே சந்தோஷப்படுகிற நாளில் இப்படிப் பேசுகிறாளே என்று அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சித்தி அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்த வேலை முடிந்ததும் தினமும் நேராக கிளினிக்குக்கு வருவாள். ஜன்னலைத் திறப்பாள். மேஜை, நாற்காலி, பேனா, எல்லாவற்றையும் துடைப்பாள். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய் வெடித்துவிடாமல் இருக்க என்னவோ பவுடர் பூசுவாள். யாராவது எட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்புவாள். அவ்வளவுதான், மறுபடி பூட்டு. நான் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்ட பிறகு இதையெல்லாம் என் கண்ணாலேயே பார்த்தேன். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, எதிரே அவள் யாரும் உட்காராத நாற்காலியைத் துடைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்றால், எங்கள் தெருவில் வேறு டாக்டர் கிடையாது. சளிக்கும் காய்ச்சலுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் பஸ்ஸுக்காக நிற்கிற இடம் பூட்டிய கிளினிக்கின் வாசல்.

மரக்கடைக்காரரின் மகள் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தாள். அப்பாவுக்கு நேர் எதிர், அளந்துதான் பேசுவாள். அந்த அறை கிடைத்தால் இங்கேயே வைத்தியம் பார்ப்பேன் என்று டாக்டரின் மனைவியிடம் போனில் கேட்டாள். "சிஸ்டர் சரின்னா சரி" என்று அங்கிருந்து பதில். சிஸ்டர் சரி என்று சொல்லவில்லை.

"டாக்டர் வர்றதா சொல்லியிருக்கார்மா."

"அக்கா, அவர் இப்ப நாட்டுக்கே..."

"தெரியும். முடிஞ்சதும் வருவார். மேஜையை அப்படியே வைக்கச் சொல்லியிருக்கார்."

அந்தப் பெண் மறுவார்த்தை பேசாமல் போய்விட்டாள். நான் பேசினேன். "ஏன் சித்தி இப்படிப் பிடிவாதம் பிடிக்கறே? அவர் அதை எல்லாம் மறந்தே போயிருப்பார்" என்றேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவர் ஊருக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. புதுப் பாலம் திறக்க வருகிறார், வழியில் பழைய கிளினிக்கில் சற்று நேரம் இருப்பார். சித்திக்கு இளமை திரும்பிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தாள். பாதுகாப்புக்காரர்கள் வந்து நாற்காலிக்குக் கீழே இருந்த அட்டையைச் சந்தேகப்பட்டு உருவி எடுத்தார்கள், அவர்கள் போனதும் புது அட்டையை மடித்துச் சொருகினாள். ஆடுகிற நாற்காலி வேண்டாம் என்று கட்சிக்காரர்கள் கொண்டுவந்து இறக்கிய மெத்தை நாற்காலியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டாள். வீட்டில் சமையல்கட்டில் நின்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கேட்டேன். "எப்ப வர்றீங்க, டாக்டர்? எப்ப வரலாம்னு இருக்கீங்க, டாக்டர்?" எது மரியாதையாக இருக்கும் என்று என்னையே கேட்டாள். இரண்டும் நல்லாத்தான் இருக்கு என்றேன்.

வந்தார். தலை முழுக்க வெள்ளை. கூட்டம் முன் அறையில் பிதுங்கி வழிந்தது, பிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசியது. வாசலில் நின்ற சித்தியைப் பார்த்து, "சிஸ்டர், சௌக்கியமா?" என்று கை கூப்பினார். அவள் பதில் சொல்வதற்குள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். வரவேற்புரை மரக்கடைக்காரர். அவரும் கிழவர் ஆகிவிட்டார், வாய் மட்டும் அப்படியே. "தலைவர் அவர்களை நான் முதன்முதலாகப் பார்க்க வந்தது ஒரு வயிற்று வலியோடு. அந்த வயிற்று வலி எப்படி வந்தது என்றால், எனக்குப் பதினாறு வயது..." என்று ஆரம்பித்தார்.

என்னைப் பின் அறையில் நிறுத்தி, டீ பிளாஸ்க்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் சித்தி. கதவு இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பேச்சு நெஞ்செரிச்சலிலிருந்து அன்றைய மழைக்குப் போனது. அப்போது அவர் கை மேஜையில் இருந்த பேனாவை எடுத்தது.

டொக், டொக்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தி முன்னால் வந்தாள். கணீரென்று சொன்னாள்.

"டாக்டர், உள்ளே ஒருத்தர் மயக்கமா இருக்காங்க."

பாதுகாப்புக்காரர்கள் பாய்ந்தார்கள். யாரோ ஆம்புலன்ஸ் என்று கத்தினார்கள். மரக்கடைக்காரர் வாயை மூடினார். ஆனால் எல்லோருக்கும் முந்தி எழுந்தவர் தலைவர்தான். "யாரு? எவ்வளவு நேரமாச்சு? வழி விடுங்க, காத்து வரட்டும்" என்றார். டாக்டர் குரல். இடது கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டே பின் அறைக்குள் வந்தார். பின்னால் வந்தவர்களை வெளியே தள்ளிச் சித்தி கதவைச் சாத்தினாள்.

அவர் பெஞ்சைப் பார்த்தார். யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரும் இல்லையே, சிஸ்டர்."

"நீங்க தட்டினீங்க, டாக்டர்."

"தட்டினேனா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கையில் இன்னும் பிடித்திருந்த பேனாவைப் பார்த்தார். ஸ்டூல் மேல் ஆவி பறக்கிற டீயைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்கக் குலுங்க. சித்தி சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார்.

"இப்பல்லாம் நாள் பூரா தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் போல, சிஸ்டர்" என்றார். "யாரும் வர்றதில்லை."

இப்போது கேட்பாள் என்று நினைத்தேன். சமையல்கட்டில் பழகிய கேள்வி அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது, உதடு அசைந்தது. அதற்குள் அவர், "மேஜை, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கே. எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நீங்கதானே வைக்கச் சொன்னீங்க."

"நானா?"

வேண்டுமென்று கேட்கவில்லை. அந்த ஆள் பொய் சொல்லத் தெரியாதவர். மறந்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கு அந்த டம்ளரைப் பிடுங்கித் தூர எறியலாம் போல வந்தது.

சித்தி கட்டுத் துணியை மடித்தாள். ஏற்கெனவே மடித்ததைத்தான் மறுபடி மடித்தாள். பிறகு நிதானமான குரலில் சொன்னாள். "மரக்கடைக்காரர் பொண்ணு டாக்டருக்குப் படிச்சிருக்கு. இங்கேயே பாக்கறேன்னு இந்த ரூமைக் கேக்குது. குடுத்துடட்டுமா, டாக்டர்?"

வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவள் முகம் ஏங்கியது. அந்த ஏக்கம் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடுத்துடுங்க, சிஸ்டர்" என்றார். "நான் இனிமே எங்க..."

முடிக்கவில்லை. வெளியே கதவைத் தட்டினார்கள். அவர் எழுந்து டம்ளரை ஸ்டூல் மேல் வைத்தார். "மயக்கம் தெளிஞ்சிருச்சுன்னு சொல்லிடட்டுமா?" என்றார்.

"சொல்லுங்க, டாக்டர்."

போய்விட்டார். கார்களின் சத்தம் அடங்கும் வரைக்கும் சித்தி அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டலாம் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை.

அடுத்த வாரம் சாவி கை மாறியது. சின்ன டாக்டர் நாற்காலியின் குட்டைக் காலுக்குக் கட்டை வைத்துச் சரி செய்தாள், எடை மெஷினை மாற்றினாள். ஸ்டெதஸ்கோப்பை மட்டும் ஆணியிலேயே விட்டுவைத்தாள், தன்னுடையதைத்தான் போட்டுக்கொள்கிறாள். பெஞ்சு நிறைந்துவிட்டது, பஸ்ஸுக்கு நிற்கிற அம்மாக்கள் குறைந்துவிட்டார்கள். பழையபடி வந்து உதவி செய்யுங்கள் அக்கா என்று அவள் கேட்டாள். சித்தி முதல் நாள் போய் ஊசிகளை எங்கே வைப்பது என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "நல்ல பொண்ணு. வளவளன்னு பேசறவங்களை அதுவே நிறுத்திடுது" என்றாள். அதில் பாராட்டு எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

இப்போது சித்தி மத்தியான நேரங்களில் என் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். காகிதம் அடுக்கித் தருவாள். சுவரில் ஒரு சின்ன டிவி மாட்டியிருக்கிறேன், வாடிக்கையாளர்களுக்காக. போன வாரம் அதில் ஏதோ பெரிய மாநாடு காட்டினார்கள். நீளமான மேஜை, அதைச் சுற்றி ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர். யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார். நம்மவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துப் போயிருந்தார். கேமரா அவர் பக்கம் திரும்பியபோது கையில் பேனா இருந்தது. டிவியில் சத்தம் வைக்கவில்லை. ஆனால் பேனா மேஜையில் பட்டது தெரிந்தது, ஒரு முறை, மறுபடி ஒரு முறை.

பக்கத்தில் காகிதக் கட்டு சரிந்து விழுந்தது. சித்தி எழுந்து நின்றுவிட்டாள்.

"டாக்டர், உள்ளே ஒருத்தர் மயக்கமா இருக்காங்க" என்றாள், டிவியைப் பார்த்து.

கடையில் நகல் எடுக்க வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினை நிறுத்தினேன். திரையில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், நம்மவர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் அவள் தோளைத் தொட்டேன்.

"உட்காரு சித்தி."

"இருடி" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் எழுந்திரிக்கட்டும்."